ஜாதகத்தோடு போன இரண்டாம் தாள்

அன்னைக்கு எனக்கு ஒரே வேலைதான். பழவங்காடியில என் ஜாதகத்தையும் பயோடேட்டாவையும் ஜெராக்ஸ் எடுத்து, சாலை பஜார்ல பூட்டுக்கடை வெச்சிருக்கிற பெண்ணோட அப்பாகிட்ட கொடுக்கணும்.

பெண்ணோட ஃபோட்டோவைப் பார்த்த நாள்லேர்ந்து நான் தினமும் ஷேவ் பண்றேன். எப்படியாவது இந்த இடம் கூடிவரணும்!

கூட ஜெராக்ஸ் எடுக்க இன்னொரு தாளும் கையில இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் பசங்களோட பகடை உருட்டி ஒரு கதை விளையாட்டு ஆடுவோம். ஆளுக்கொரு வேஷம். அந்த வேஷத்தோட பூர்வீகம், திறமை, அதுக்கு இத்தனை மார்க்குன்னு ஒரு தாள்ல எழுதி வெச்சுக்கணும். அந்தத் தாள்தான் இது. நான் திருடன்.

விளையாட்டுல நம்ம இஷ்டத்துக்கு மார்க் போட முடியாது. பயோடேட்டாவுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் ஏது? அம்மா "சாந்த குணம், நீச்சல், மிருதங்கம்"னு அள்ளிப் போட்டிருந்தா. மிருதங்கத்தை நான் தொட்டதே வீடு மாத்தறப்போ தூக்கினப்பதான்.

"கரண்டு இப்போ போகும் சாரே, வேகம்!"னு கடைக்காரர் விரட்டினார். அவசரமா பின் அடிச்சு, மூலைக்கு மூலை மஞ்சள் தடவி, கொடுத்துட்டு வந்துட்டேன்.

சாயங்காலம் பெண்ணோட அப்பா ஃபோன்.

"தம்பி, பூட்டு திறக்கிறது பதினேழு, பொய் பதினஞ்சுன்னு எழுதியிருக்கியளே. எத்தனைக்கு?"

"இருபதுக்கு சார்." வாய் தானா சொல்லிடுச்சு!

"நாளைக்குக் கடைக்கு வாங்க. ஜோசியரும் வாராரு."

பயோடேட்டாவுக்குப் பதிலா ஜாதகத்தோட போன அந்தத் திருடன் தாளோட அசலை அம்மா படிச்சா. "ஏல, அப்பா அம்மா இல்லாத அநாதையா? நான் செத்தா போய்ட்டேன்?"

மறுநாள் நிஜ பயோடேட்டாவோட ஓடினேன். ஜோசியர் சிரிச்ச முகமா இருந்தார்.

"ரெண்டாம் இடத்துல ராகு. பொய் வரும்னு கட்டமே சொல்லுது. அதையும் மறைக்காம எழுதின பையன் இவர்தான்."

"எனக்கும் பிடிச்சுப் போச்சு, கேட்டியளா"ன்னார் பெண்ணோட அப்பா.

அத்தோட வாயை மூடிட்டு வந்திருக்கலாம். எனக்கு அப்பதான் நேர்மை பொங்குச்சு! "அது விளையாட்டு சார். நிஜம் இதுதான்"னு நீட்டினேன்.

ஜோசியர் படிச்சார். கட்டத்தைப் பார்த்தார். "சாந்த குணமா? மிருதங்கமா? இந்த ஜாதகத்துல அதெல்லாம் எங்க இருக்கு?"

"வாசிப்பியளா தம்பி?"

"இல்ல சார், அது அம்மா..."

"நீச்சல்?"

"அதுவும் அம்மாதான் சார்."

"வேண்டாம் தம்பி. பொய் சொல்ற குடும்பம் நமக்குச் சரிப்படாது."

இதுவரைக்கும் பெண் வீட்டுக்குப் பிடிச்ச ஒரே மாப்பிள்ளை, அந்தத் திருடன்தான்.