ஒருத்தரும் ஓட்டம் எடுக்கக் கூடாது

இயேசு மரி சூசை துணை

லாசால், மொன்றியல்

அன்புள்ள மச்சான் அல்பேட்டுக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நானும் அக்னெசும் மகள் றொஷினியும் சுகம். ரொறன்ரோவில் உமது குடும்பமும், குறிப்பாக உமது முழங்காலும், சுகமாக இருக்க மன்றாடுகிறோம்.

நிற்க. முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் றொஷினி முந்திக்கொண்டு ரெலிபோனில் சொல்லிச் சிரிப்பாள். மொன்றியலுக்குச் சொந்தக் குழு இல்லாமல் போய் இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டதால், சனிக்கிழமை அவள் என்னைத் தன் காரில் த்ருவா-ரிவியேருக்கு பேஸ்போல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்றாவது சுற்றில் அடித்த பந்து ஒன்று வேலிக்கு மேலால் நேரே என் மடிக்கு வந்தது. பிடித்தேன். சனம் கைதட்டியது. நானோ கிரிக்கெற்றில் வளர்ந்தவன். வெளியே வந்த பந்தை வைத்திருப்பவன் கள்ளன் என்று பழகியவன். எழும்பி, தோள்மூட்டு கழன்றுவிடும்போல, மைதானத்துக்கே திருப்பி எறிந்தேன். கைதட்டிய சனமெல்லாம் "ஊ" என்று கூவியது.

"அப்பா! அது எங்கட பந்து! பிடிச்ச ஆளுக்குத்தான் சொந்தம்!"

"அப்ப அவங்கள் பேந்து என்னத்தால விளையாடுறது?"

"பெட்டி பெட்டியா வைச்சிருக்கினம், அப்பா!"

இந்தச் சட்டம் எங்களுக்கு எப்படித் தெரியும், மச்சான்? மொன்றியல் குழு இருந்த நாளில் பி-நெஃப் மெற்றோ நிலையத்தில் இறங்கி, அந்தப் பெரிய மைதானத்தின் உச்சிக் கதிரைகளில் இருந்த எங்களிடம் ஒரு பந்தாவது வந்ததா? "அடிச்சுப்போட்டு மட்டையை எறிஞ்சிட்டு ஓடுறான் பாரும், களவெடுத்தவன் மாதிரி!" என்று நீர் கத்த, உம்மை நான் அடக்க, எங்கள் இருவரையும் முன்வரிசைக்காரன் அடக்குவான். இத்தனை சத்தத்திலும் மூன்று வயது றொஷினி என் தோளில் தூங்குவாள். கடுகு பூசிய ஒரு சொசேச் பணிசை இரண்டாகப் பிய்த்துத் தின்றோமே, அந்தக் கடுகின் காரம் இன்னும் மூக்கில் நிற்கிறது. பிறகு குழுவும் போனது, நீரும் ரொறன்ரோ போனீர்.

உமது கட்டளையை நான் மறக்கவில்லை. "வன்கூவர் வேண்டாம், இங்கையே வேலை பார் எண்டு பிள்ளைக்குக் கண்டிப்பாச் சொல்லும்" என்றீர். வன்கூவரில் வேலை கிடைத்த அவளுக்குத் திங்கட்கிழமை விமானம். ஆகவே ஐந்தாவது சுற்றில் தொண்டையைச் செருமினேன்.

"பிள்ளை, ஒரு விசயம்…"

"என்னப்பா?"

"கச்சான் கடலை வேணுமோ?"

ஏழாவது சுற்றில் மறுபடியும் செருமினேன். "மூண்டு பை கச்சான் கிடக்கு, அப்பா" என்றாள்.

இரண்டு பக்கத்துப் பந்து எறிகாரரும் ஒருவரையும் அசைய விடவில்லை. ஒன்பது சுற்றும் முடிந்தது, பூச்சியத்துக்குப் பூச்சியம். இந்த விளையாட்டில் சமநிலை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள், ஒரு பக்கம் வெல்லும்வரை நீளும். சனம் பொறுமை இழந்து காலால் தட்டியது. எனக்கோ, ஆட்டம் முடிந்தால் கார், கார் ஓடினால் வீடு, வீட்டுக் கதவடியில் அவளுடைய பெட்டிகள். "அந்தோனியாரே, ஒருத்தரும் ஓட்டம் எடுக்கக் கூடாது" என்று மன்றாடினேன். இரண்டு குழுவுக்கும் எதிராக மன்றாடியவன் அங்கே நான் ஒருவன்தான். பத்தாவது சுற்றில் அவர் என் மன்றாட்டைக் கேட்டார். பதினோராவதில் அவருக்கும் அலுத்துவிட்டது போலும். ஊர்க் குழுவில் ஒருவன் அடிக்க, இன்னொருவன் புழுதியில் சறுக்கி வந்து சேர்ந்தான். ஒன்றுக்குப் பூச்சியம். எல்லாரும் எழும்பிக் கூத்தாட, நான் தலையில் கைவைத்தபடி இருந்தேன். பக்கத்துக் கதிரைக் கிழவர் என்னை எதிர்க்குழு ஆள் என்று நினைத்து முதுகில் தட்டி, "விளையாட்டுத்தானே, முசியே" என்று பிரெஞ்சில் ஆறுதல் சொன்னார். "மெர்சி" என்றேன்.

திரும்பும் வழியில் உமது சொற்படி கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். யோசிக்கிறேன் என்றாள். போனாலும் எனக்கு ஒன்றுமில்லை. உமது தங்கச்சி அக்னெஸ்தான் கறிக்கு உப்புப் போட மறக்கிறா.

உமக்கும் அஞ்சலீனாவுக்கும் பிள்ளைகளுக்கும் மாதாவின் முந்தானை மழையிலும் பனியிலும் குடையாக இருக்கட்டும்.

இங்ஙனம்,
மச்சான் பத்திநாதன்

பி.கு.: கண்டிப்பாகச் சொன்னது பொய், மச்சான். இந்தக் கிழமை சமையலும் என்னுடையதுதான். காரில் அவளே கேட்டாள்:

"அப்பா, நான் போறது சரிதானே?"

"ஓம் பிள்ளை. அங்கை பனி குறைவு."

"வேற ஒண்டும் சொல்ல இல்லையோ?"

"றோட்டைப் பாத்து ஓட்டு."

"நானும் வரட்டோ?" என்று மட்டும் நான் கேட்கவில்லை.