சமயநல்லூர் வரை போய் வந்த அப்பளம்

தல்லாகுளம்,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி கண்ணுச்சாமி அவர்களுக்கு,

அழகுமலை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் கனகலட்சுமியும், தங்கள் மருமகள் பாண்டிமீனாவும், அவள் வயிற்றில் வளரும் தங்கள் வாரிசும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை சிவபாண்டியும் நலம்தானே. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அதிலேயே இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

"எங்க புள்ளைய நீங்க பாத்துக்கிட்ட லட்சணம் போதும், ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று நேற்றுச் சொன்னீர்கள். அந்த அவசியமே இல்லை. வளைகாப்பு முடிந்து இங்கே வந்த பெண் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது உண்மைதான். எந்தக் குழம்பு வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னம்மா வேண்டும் என்று நான் விடாமல் கேட்டதில், பொருட்காட்சியில் விற்கும் தட்டு அகல டெல்லி அப்பளம், மேலே மிளகாய்ப்பொடி தூவியது, அது மட்டும் கிடைத்தால் சோறு இறங்கும்போல இருக்கிறது என்றாள். தமுக்கம் மைதானத்தில் பொருட்காட்சி முடிந்து கொட்டகையெல்லாம் பிரித்துவிட்டார்கள். முப்பத்தொரு வருடம் நில அளவராக இருந்து எத்தனையோ கண்மாய்களை அளந்தவன் நான். ஓர் அப்பளத்துக்கு அடுத்த வருடம் வரை காத்திருப்பேனா?

உளுந்து மாவைப் பிசைந்து, பூரிக்கட்டை பற்றாது என்று வீட்டில் கிடந்த தண்ணீர்க் குழாயைக் கழுவி, அதைக் கொண்டு சாப்பாட்டு மேசையிலேயே தேய்த்தேன். டேப் வைத்து அளந்து, குறுக்கே சரியாக ஒன்றரை அடி வரும்படி மூன்று அப்பளம். மொட்டை மாடியில் காக்கை விடாது. தெருவில் நம் பக்கத்து வீட்டு ஆண்டிச்சாமியின் கார் நல்ல வெயிலில், தோசைக்கல் மாதிரி காய்ந்துகொண்டு நின்றது. அதன் கூரையில் மூன்றையும் விரித்துவிட்டுக் கொஞ்சம் கண்ணசந்தேன். எழுந்து பார்த்தால் காரைக் காணோம். ஆண்டிச்சாமி ஐந்தடி ஆள், அவருக்குத் தன் கார் கூரை தெரியாது. அவர் பாட்டுக்குச் சமயநல்லூருக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். உளுந்து மாவின் பசை எப்படிப்பட்டது என்றால், அந்த வேகத்திலும் ஒன்றுகூடப் பறக்கவில்லை. அதே கல்யாணத்துக்குத் தாங்களும் வந்திருந்தீர்கள் என்றும், மண்டப வாசலில் அதை முதலில் கண்டுபிடித்தது தாங்கள்தான் என்றும், "என்னண்ணே, மொய்க்குப் பதிலா அப்பளமா?" என்று கேட்டீர்கள் என்றும் அவர் வந்து சொன்னார். அது யார் போட்ட அப்பளம் என்று அவர் எனக்குப் போன் செய்து விசாரித்தபோது தாங்கள் பக்கத்திலேயே நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் ஒன்று, போக வர அடித்த காற்றில் அப்பளம் காய்ந்த காய்ச்சல், எந்த மாடியிலும் காய்ந்திருக்காது.

அடுத்து, தெருவே இருமியது என்று யாரோ தங்களிடம் வத்தி வைத்திருக்கிறார்கள். நடந்ததைச் சொல்கிறேன். அத்தனை பெரிய அப்பளம் பொரிக்க வீட்டு வடைச்சட்டி காணாது. சமையல் வேலைக்குப் போகும் காளையிடம் கல்யாணச் சட்டி ஒன்றை இரவல் வாங்கி மாடிக்கு ஏற்றினேன். அப்பளத்தை அளந்தவன் மாடிப்படியை அளக்கவில்லை. சட்டி திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. துணி எடுக்க மேலே போயிருந்த கனகலட்சுமி ஒரு மணி நேரம் கீழே இறங்க முடியாமல் அங்கிருந்தே என் வம்சத்தை விசாரித்தாள். ஒருவழியாகச் சட்டியைப் பெயர்த்து, வாசலில் செங்கல் கூட்டி, விறகு வைத்தேன். முதல் அப்பளம் கருகியது. இரண்டாவது நொறுங்கியது. மூன்றாவது எண்ணெயில் விழுந்ததும் குடை விரிந்த மாதிரி விரிந்தது பாருங்கள், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குப் புகையும் ஒரு காரணம். புகையை விரட்டப் பெடஸ்டல் ஃபேனைப் போட்டிருந்தேன். அதை நிறுத்தாமலே மிளகாய்ப்பொடியைத் தூவிவிட்டேன். கால் கிலோப் பொடியும் எதிர்த்தாப்பில் வந்து நின்ற ஷேர் ஆட்டோவுக்குள் போய்விட்டது. உள்ளே இருந்த ஒன்பது பேரும் இறங்கித் தும்மிவிட்டு, அப்பளத்தைப் பார்த்து ஆளுக்கொரு துண்டு கேட்டார்கள். கொடுக்கவில்லை. அது தங்கள் மருமகளுக்குரியது.

அவள் வாசப்படியில் உட்கார்ந்து ஒரு துண்டு ஒடித்து வாயில் போட்டாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மென்று முடித்துவிட்டு, "அப்பா, உப்பே போடலையே" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் சிரித்துக்கொண்டே முழுசையும் தின்றாள். பிறகு ரசம் ஊற்றிச் சோறு கேட்டாள். பத்து நாளைக்குப் பிறகு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள், சம்பந்தி.

ஆகவே எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது. யாருக்கும் ஒரு சிறு கீறல்கூட இல்லை. தாங்கள் அலைய வேண்டாம். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், மாப்பிள்ளைக்கு ஆசியையும் சொல்லவும். நம் இரு வீட்டுக் குலசாமியும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
அழகுமலை.

பி.கு.: மாமா, நான் பாண்டிமீனா. அப்பா சொல்லச் சொல்ல இம்புட்டையும் எழுதினது நான்தான். அவருக்கு வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. எண்ணெயை வேறு பாத்திரத்தில் ஊற்றின பிறகு செங்கல் சரிந்து, சூடு ஆறாத அந்தச் சட்டி நான் உட்கார்ந்திருந்த பக்கம் உருண்டது. வெறுங்கையால் பிடித்து நிறுத்திவிட்டார். இதை எழுதச் சொல்லவில்லை. அவர் தூங்கின பிறகு நானாக எழுதுகிறேன். நான் இங்கேயே இருக்கிறேன் மாமா. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கட்டாயம் வாங்க. பஞ்சுமிட்டாய் மெஷின் செய்கிறேன் என்று அம்மாவின் மிக்சியைப் பிரித்துப் போட்டிருக்கிறார், இடது கையாலேயே. நீங்கள் சொன்னால்தான் கேட்பார்.