பலகை இருந்த இடம்

பலகையைக் கழற்றியது பெரிய வேலையில்லை. கழற்றிய இடத்தில் சுவர் பளிச்சென்று வெள்ளையாக நின்றதுதான் தொல்லை.

"இப்பத்தான் மேடம் நல்லா கண்ணுல படுது," என்றான் சமையல்கார ஹெக்டர்.

அமெரிக்காவின் டொலீடோ நகரில் அந்த இலவசச் சாப்பாட்டுக்கூடத்தை வெர்னா பதினெட்டு வருடமாக நடத்துகிறாள். பலகையில் இருந்தது இரண்டே வார்த்தை: 'எல்லோரும் வரலாம்'. போன மாதம் அரசிடமிருந்து ஒரு கடிதம். எல்லா இனத்தவரையும் சேர்த்துக்கொள்ளும் பன்முகத்தன்மைத் திட்டம் எதுவும் நடத்தவில்லை என்று கையெழுத்துப் போட்டு உறுதி கொடுக்காவிட்டால் நிதி கிடையாதாம். எது அந்தத் திட்டம் என்று ஒரு வரிகூட இல்லை. கீழே லைல் ப்ரென்னர் என்று கையெழுத்து மட்டும். நிதி நின்றால் இருநூறு பேருக்குச் சாப்பாடு நிற்கும்.

வக்கீலைக் கேட்டாள். "கையெழுத்துப் போட்டாலும் வம்பு, போடலைன்னாலும் வம்பு. எதுக்கும் பலகையைக் கழட்டிடுங்க," என்றார். அப்படித்தான் கழற்றினாள்.

வெள்ளையை மறைக்க ஒரு நாட்காட்டியை மாட்டினாள். அந்த மாதத்துப் படத்தில் பல நிறக் குழந்தைகள் கைகோத்துச் சிரித்தார்கள். பதறிப்போய் அதையும் கிழித்தாள்.

மறுநாள் ரொட்டி தரும் தேவாலயத்திலிருந்து போன். "பயந்து பலகையைக் கழட்டிட்டியா வெர்னா? அப்ப எங்க ரொட்டி மட்டும் எதுக்கு?"

பலகை மறுபடி ஏறியது. ரொட்டி வந்தது; வெர்னாவின் தூக்கம் போனது. விளக்கம் கேட்க அரசு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மூன்று வாரமாக மணி அடித்ததே தவிர யாரும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம், கழுத்தில் டையும் கையில் கோப்புமாக ஒருவர் காரை விட்டு இறங்கினார்.

"ஹெக்டர்! சோதனைக்கு வந்துட்டாங்க! கழட்டி எங்கயாவது ஒளிச்சு வை!"

ஹெக்டர் பலகையை ஓவனுக்குள் திணித்தான். ஓவன் எரிந்துகொண்டிருந்ததை அவனே மறந்துவிட்டான்.

வந்தவர் வெறும் சுவரையே பார்த்தார்.

"இங்க அப்படி எந்தத் திட்டமும் இல்லீங்க சார்," வெர்னாவுக்கு மூச்சு வாங்கியது. "யாரையும் வாங்கன்னு கூப்பிடுறதே இல்லை. பசின்னு வர்றவங்களைக்கூட முறைச்சுத்தான் பார்ப்போம்."

"ஏதோ கருகுற வாசம்..."

"சூப்புங்க சார்."

பதினெட்டு வருட உழைப்பை இப்படித் தன் வாயாலேயே அசிங்கப்படுத்துகிறோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

அவர் மெல்ல டையைத் தளர்த்தினார்.

"நான் லைல் ப்ரென்னர் மேடம். அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போட்ட மறுவாரமே என்னையும் வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உங்க நிதி விண்ணப்பத்துல இருந்த படத்துல ஒரு பலகை பார்த்தேன், அதை நம்பித்தான் சாப்பிட வந்தேன்... இப்பவும் எல்லாரும் வரலாமா?"