டிராக்டர் ஏறாத கால்

மார்ச் இருபதாம் தேதி காலை, டீ குடித்துக்கொண்டிருந்தபோது, டிராக்டர் என் காலில் ஏறிவிட்டது என்று முடிவு செய்தேன்.

டிராக்டருக்கு இது தெரியாது. அது கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. காலுக்கும் தெரியாது. அது அடுப்புப் பக்கம் குளிர்காய்ந்துகொண்டிருந்தது.

என் பெயர் பெய்ஷே. கிர்கிஸ்தானில், தலாஸ் மலையடிவாரத்தில் வீடு, பின்னால் பீன்ஸ் வயல். ஆகஸ்டில் என் மனைவி ஊல்கான், மகள் அய்ஜமாலின் பிரசவத்துக்காகத் தலைநகர் பிஷ்கெக் போனாள். நாற்பது நாள் என்றாள். அந்த நாற்பது நாளுக்கு இப்போது ஏழு மாதம். மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பேரனைப் பார்த்துக்கொள்ள ஊல்கான் அங்கேயே தங்கிவிட்டாள்.

தனியாக இருப்பவனுக்கு ஒரு ரொட்டி நாலு நாள் வரும். நாலாம் நாள் உடைக்கச் சுத்தியல் வேண்டும். பேச ஆள் கிடையாது. நாயிடம் பேசிப் பார்த்தேன். அது கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. ஊல்கான் தினமும் வீடியோவில் கூப்பிடுவாள். மூன்று நிமிஷப் பேச்சில் இரண்டரை நிமிஷம் பேரனின் உச்சந்தலைதான் தெரியும்.

'வந்துவிடு' என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். முப்பத்தோரு வருஷத்தில் நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கூச்சம். பொய் சொல்வது எனக்கு அதைவிடச் சுலபம்.

டிராக்டரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் ஊல்கான் கூட்டுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவள். கூட வேலை பார்த்த ஒருத்தியின் கோட்டு நுனி, பின்னால் சுழலும் தண்டில் சிக்கி, கை போனதைக் கண்ணால் பார்த்தவள். ஓநாய்க்குப் பயப்பட மாட்டாள், மாமியாருக்குப் பயந்ததில்லை. டிராக்டர் என்றால் மட்டும் முகம் மாறிவிடும்.

கட்டுக்கதை என்றால் முதலில் ஒரு கட்டு வேண்டும். பக்கத்து வீட்டு ஜாப்பாரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, எனக்கு ஆட்டுக் காலுக்குத்தான் கட்டத் தெரியும்" என்றான்.

"அப்படியே கட்டு. முழங்காலுக்கு மேல போகாதே."

"அண்ணி கண்டுபிடிச்சா?"

"உன் பேரைச் சொல்ல மாட்டேன்."

"சொல்லுவீங்க. மொதல்ல என் பேரைத்தான் சொல்லுவீங்க" என்றபடியே கட்டினான்.

ஊல்கான் கூப்பிட்டாள். கட்டைக் காட்டினேன். அவள் முகம் வெளுத்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"எப்படி ஏறிச்சு?"

"எறங்கினேன். நகர்ந்துச்சு. ஏறிடுச்சு."

"எஞ்சினை நிறுத்திட்டுத்தானே எறங்குனீங்க?"

நிறுத்தினேன் என்றால் அது எப்படி நகரும்? "இல்ல."

"கை பிரேக்கு?"

"போடல."

"சரிவுலயா நிறுத்துனீங்க?"

"ஆமா."

"போட்டிருந்தது அந்த நீளக் கோட்டா?"

"ஆமா."

"முப்பத்தோரு வருஷமா சொல்றேன். ஒண்ணையாவது காதுல போட்டுக்கிட்டீங்களா?"

உண்மையில் நான் எல்லாவற்றையும் காதில் போட்டுக்கொண்டவன். ஒருமுறை சுற்றிப் பார்க்காமல் எஞ்சினைக் கிளப்பியதில்லை. நிறுத்தி, பிரேக் போட்டு, சாவியைப் பைக்குள் போடாமல் கீழே கால் வைத்ததில்லை. வாழ்நாளில் செய்யாத தப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் கட்டை இன்னொரு முறை காட்டச் சொன்னாள். பிறகு, "சரி, நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

வீட்டைப் பெருக்கினேன். இரண்டு கிண்ணங்களைக் கழுவி வைத்தேன். புது ரொட்டி வாங்கினேன்.

மறுநாள் காலை வாசலில் கார் நின்றது. அதில் ஊல்கான் இல்லை. டிரைவர் மட்டும் இறங்கினான்.

"கால் அடிபட்டவரு நீங்கதானே? பின் சீட்டுல படுக்கவெச்சுக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க ஊல்கான் அக்கா."

கணவாய் தாண்டி ஐந்து மணி நேரம், படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டு போனேன். மகள் வீடு ஐந்தாம் மாடி. லிப்ட் இல்லை. மகள் கீழே வந்து பார்த்துக்கொண்டிருந்ததால் ஒற்றைக் காலிலேயே ஏறினேன்.

கதவைத் திறந்தது ஊல்கான். வெயில் படாமல் முகம் வெளிறியிருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து மாடி ஏறிய மூச்சு இன்னும் திரும்பி வரவில்லை.

"மெலிஞ்சுட்டீங்க" என்றாள் அவள்.

மகள் சமையலறைக்குப் போனதும் ஊல்கான் கட்டைப் பிரித்தாள். பாதத்தை அழுத்திப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஏறுனது முன் சக்கரமா, பின் சக்கரமா?"

"பின் சக்கரம்."

"அது ஏறியிருந்தா இந்தக் கால் இப்ப ரொட்டி மாதிரி தட்டையா இருக்கும்."

நான் சுவரைப் பார்த்தேன். "ஜாப்பார்தான் கட்டினான்" என்றேன்.

அவள் அவிழ்த்த முடிச்சைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"வீடு ரொம்ப அமைதியா இருக்கு, ஊல்கான்" என்றேன்.

அவள் கை கொஞ்ச நேரம் என் பாதத்தின் மேலேயே இருந்தது. பிறகு கட்டை எடுத்து, ஜாப்பாரைவிட இறுக்கமாக, அழகாகக் கட்டினாள்.

"அய்ஜமால்கிட்ட வாயைத் திறக்காதீங்க" என்றாள். சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "அய்ஜமால், அப்பாவுக்கு எலும்பு நகர்ந்திருக்கு. ஆறு வாரம் ஊனக் கூடாது. உழவுக்கு நான்தான் போயாகணும். உக்காந்த எடத்துல புள்ளையப் பாத்துக்க அப்பா போதும்."

கதவோரம் அவள் பை ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது.

"நான் உனக்காகத்தானே வந்தேன்?" என்றேன்.

"ஏழு மாசமா இந்த ஜன்னல் வழியா எதிர் ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். போறேன்னு சொன்னா மக அழுவா. என்ன காரணம் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். உங்களுக்காவது நாய் இருந்துச்சு" என்றாள். கையை நீட்டினாள். "டிராக்டர் சாவி?"

சாவி வழக்கம்போல என் பையில்தான் இருந்தது. கொடுத்தேன். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முதல் தடவையாகச் சிரித்தாள். பேரனை என் மடியில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

மகள் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். பேரனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. எதிர் ஜன்னலில் ஒரு பூனை இருக்கிறது. அதுவும் என்னைப் பார்ப்பதில்லை. பகலில் பத்து தடவை ஊல்கானைக் கூப்பிடுவேன். எடுக்க மாட்டாள். ஓட்டும்போது போன் தொடக் கூடாது. சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கூப்பிடுவாள். முகம் வெயிலில் கறுத்து, பத்து வயது குறைந்திருந்தது. என் நாய் அவள் காலடியில் படுத்திருந்தது.

நேற்று, "உழவு முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுது."

"அப்ப வந்துடு, ஊல்கான்" என்றேன். முப்பத்தோரு வருஷத்தில் முதல் முறை. "கால் சரியாயிடுச்சு."

அவள் கண்ணில்கூட ஈரம் தெரிந்த மாதிரி இருந்தது.

"அவசரப்படாதீங்க" என்றாள் மெதுவாக. "அறுவடை முடியற வரைக்கும் அந்தக் காலைக் கீழ ஊனக் கூடாது."