முள்ளம்பன்றி டாக்டரும் தாமதமான சாப்பாடும்

ஒரு காட்டில் முள்ளம்பன்றி ஒருவர் டாக்டராக இருந்தார். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஊசியை முதுகில் சுமந்துகொண்டே பிறந்தவர் வேறு என்ன வேலைக்குப் போவார்? அவர் பெயர் சடாட்சரம். காய்ச்சல் என்று யார் வந்தாலும் நாக்கை நீட்டச் சொல்வார், "ம்" என்பார், முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி மருந்தில் தோய்த்து ஒரு குத்து குத்துவார். வந்தவர் அலறிக்கொண்டு எழுந்து ஓடுவார். படுத்துக் கிடந்தவரே எழுந்து ஓடுகிறார், இதைவிட என்ன வேண்டும் என்று காடு அவரைக் கைராசிக்காரர் என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. மழைக்காலம் முடியும்போது அவர் முதுகு அறுவடை முடிந்த வயல் மாதிரி இருக்கும்.

அவருக்கும் தன் கைராசியில் பூரண நம்பிக்கை. ஊசி போட்ட இடம் கன்றிப்போய் யாராவது திரும்பி வந்தால், "மருந்து நல்லா பிடிச்சிருக்கு" என்று சொல்லி இன்னொன்று போடுவார். திரும்பி வராதவர்கள் எல்லாரும் குணமாகிவிட்டார்கள் என்பது அவர் கணக்கு. போன மழைக்காலத்தில் பொன்னுத்தாயி என்ற சருகுமான் தொடை முழுக்க நீலம் பாரித்து வந்தாள். அவளுக்கும் இன்னொன்று போட்டார். அவள் திரும்பி வரவில்லை. அதையும் குணமானவர்கள் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார்.

அந்தக் காட்டில் மருத்துவ மன்றம் என்று ஒன்று இருந்தது. படித்து முடித்ததும் டாக்டர்கள் மூளையைப் பூட்டிச் சாவியை ஆற்றில் எறிந்துவிடக் கூடாது என்று அது ஒரு சட்டம் போட்டிருந்தது. வருடா வருடம் மாநாட்டுக்கு வந்து புதிதாக எதையாவது தெரிந்துகொண்டு போக வேண்டும், வராதவர்களின் வாசலில் தொங்கும் டாக்டர் பலகையைக் கழற்றிவிடுவார்கள். டாக்டர்களும் தவறாமல் வந்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள், இலவசப் பையை வாங்கினார்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்கினார்கள், கரடி மாசிலாமணி சமைத்த காளான் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சடாட்சரம் வீட்டில் வெங்காயம் போட ஒரு பை, புளி போட ஒரு பை என்று எல்லாமே மாநாட்டுப் பைதான். இப்படியாக அவருடைய மருத்துவ அறிவு வளர்ந்து வந்தது.

அந்த வருடம் திடீரென்று ஒரு கோடை மழை பெய்து விறகு நனைந்துவிட்டது. மாசிலாமணி ஊதி ஊதிப் பார்த்தும் புகைதான் வந்தது. மதியம் தாண்டியும் பிரியாணி வரவில்லை. பசித்த வயிறோடு யாருக்குத் தூக்கம் வரும்? வேறு வழியில்லாமல் சடாட்சரம் மேடையில் யார் பேசுகிறார்கள் என்று பார்த்தார்.

பேராசிரியை தமயந்தி என்ற ஆந்தை, பகல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"கொசுக் காய்ச்சல்ல ரத்தம் உறையற சக்தி குறைஞ்சு போகும். அந்த நேரத்துல ஊசியால குத்தினா உள்ளுக்குள்ள ரத்தம் கசியும். நாமெல்லாம் படிச்ச காலத்துல இது தெரியாது, இப்பத் தெரியும். குத்தாதீங்க. தண்ணி, கஞ்சி, இளநீர்னு விடாம குடுங்க. காய்ச்சல் விட்ட அப்புறம்தான் இன்னும் ஜாக்கிரதையா பாக்கணும். வயித்து வலி, நிக்காத வாந்தி, மூக்குல ரத்தம்னா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

சடாட்சரத்துக்குப் பசி போய்விட்டது. பிரியாணி வந்தபோது அவர் தொடவே இல்லை. வீட்டுக்குத் திரும்புகிற வழியில் பொன்னுத்தாயியின் புதரை எட்டிப் பார்த்தார். வாசலில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

மழைக்காலம் வந்தது, கொசு வந்தது, காய்ச்சலும் வந்தது. டாக்டர் முதல் ஆளாக வந்த கீரியின் நாக்கைப் பார்த்துவிட்டு, "ஊசி வேண்டாம், தண்ணி நிறைய குடிங்க" என்றார்.

"ஊசி கிடையாதா? அப்ப எதுக்கு நாக்கை நீட்டச் சொன்னீங்க?" என்று கீரி கேட்டது.

அடுத்து வந்த முயல், டாக்டருக்குத்தான் உடம்பு சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டது. கைராசி போய்விட்டது, முள் தீர்ந்துவிட்டது, ஆளே ஒரு மாதிரி ஆகிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. எல்லாரும் பக்கத்து மரத்தில் பலகை மாட்டியிருந்த மரங்கொத்தி டாக்டர் பிச்சாண்டியிடம் போய்விட்டார்கள். சடாட்சரத்தின் பெஞ்சில் எறும்புகள்தான் உட்கார்ந்திருந்தன, அவையும் வைத்தியத்துக்கு வந்தவை அல்ல.

ஒருநாள் பேச்சியம்மா என்ற காட்டுப்பன்றி தன் குட்டியைச் சுமந்துகொண்டு வந்தாள். குட்டியின் உடம்பு அனலாகக் கொதித்தது. வயிற்றில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன.

"பழகின டாக்டராச்சேன்னு உங்ககிட்டயே வந்தேன் சார். ஒரு ஊசி போட்டு விடுங்க."

"ஊசி வேண்டாம்மா. மணிக்கொரு தரம் தண்ணி குடு."

"தண்ணி எங்க வீட்டுலயே இருக்கே. அதைச் சொல்றதுக்கா இவனை இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தேன்?" என்று அவள் எழுந்துவிட்டாள். "பிச்சாண்டி டாக்டரு ஒரே மூச்சுல நாலு குத்து குத்துறாராம். அங்கயே போய்க்கிறேன்."

அந்த மெல்லிய தோலில் பிச்சாண்டியின் அலகு இறங்குவதைச் சடாட்சரம் நினைத்துப் பார்த்தார். சிலந்தி வலை கட்டிய புதர் கண்ணுக்குள் வந்து நின்றது.

"உக்காரும்மா, போடறேன்" என்றார்.

முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினார். அதைத் தலைகீழாகத் திருப்பி, மழுங்கிய அடிப்பக்கத்தைத் தண்ணீரில் தோய்த்து, குட்டியின் தொடையில் மெதுவாக வைத்து எடுத்தார். குட்டி சிரித்தது.

"இது புது ஊசி. குத்தாது. ஆனா ஒரு விஷயம். மணிக்கொரு தரம் இளநீரோ கஞ்சியோ உள்ள போனாத்தான் மருந்து உடம்பு முழுக்க ஓடும். ஒரு தரம் விட்டாலும் ஊசி வீணாயிடும்."

ஊசி வீணாகிவிடுமே என்ற பயத்தில் பேச்சியம்மா தூங்காமல் கொடுத்தாள். டாக்டரும் ஊசி போட்ட இடத்தைப் பார்க்கிற சாக்கில் தினமும் அவள் குகைக்குப் போய்க் குட்டியின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு வந்தார். காய்ச்சல் விட்டதும் அவள் கஞ்சியை நிறுத்தப் பார்த்தாள். "இப்பத்தான் ஊசி வேலையை ஆரம்பிக்குது, இப்ப நிறுத்தினா அவ்வளவுதான்" என்று மிரட்டித் தொடர வைத்தார். கடைசியில் குட்டி எழுந்து போய்ச் சேற்றில் புரண்டது. அதைப் பார்த்த சடாட்சரத்துக்கு அழுகை வந்துவிட்டது. தாயார் அதையும் கைராசியின் அடையாளமாக எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? குத்தாத ஊசி என்று காடு முழுக்கப் பேச்சு. பெஞ்சு நிறைந்து வரிசை ஓடை வரைக்கும் நீண்டது. டாக்டர் எல்லாருக்கும் முள்ளைத் திருப்பி வைத்தார், கஞ்சி குடிக்காவிட்டால் ஊசி வீண் என்று எல்லாரையும் மிரட்டினார். அந்த மழையில் அவரிடம் வந்த யாருக்கும் நீலம் பாரிக்கவில்லை.

அடுத்த மாநாட்டில் அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாக மன்றம் அறிவித்தது. சடாட்சரம் கூச்சத்தோடு போனார். வாசலிலேயே பிச்சாண்டி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அலகின் நுனி தட்டையாக இருந்தது.

"பாத்தீங்களா அண்ணே, பாறையில தேய்ச்சு மழுக்கிட்டேன். இனிமே நானும் குத்தப் போறதில்லை, சும்மா தொட்டுத்தான் விடப்போறேன். இன்னிக்கு எல்லா டாக்டரும் இதையே பண்ணணும்னு தீர்மானம் போடறாங்க."

"கஞ்சி, இளநீர் எல்லாம் குடுப்பீங்கதானே?"

"அது எதுக்கு? வேலை செய்யறது ஊசிதானே?"

சடாட்சரம் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். மழைக்கு அதிக நாள் இல்லை. காடு முழுக்கத் தொட்டுத் தொட்டு அனுப்பிவிட்டு, தண்ணீரை மறந்துவிட்டால், எத்தனை வாசலில் சிலந்தி வலை கட்டும்? உண்மையைச் சொன்னால் பொன்னாடை போகும், கைராசி போகும். போனால் போகட்டும், ஆனால் யார் கேட்கப் போகிறார்கள்? மேடையில் தமயந்தி அம்மையார் போன வருடம் சொன்னதையே திரும்பவும் சொல்லிக்கொண்டிருந்தார், சபை குறட்டை விட்டது. அடுத்தது சடாட்சரத்தின் முறை, அதற்கடுத்து சாப்பாடு. இந்த வருடம் விறகு நன்றாகக் காய்ந்திருந்தது. பிரியாணி வாசனை வேறு வர ஆரம்பித்துவிட்டது. தூங்கியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள்.

சடாட்சரம் எழுந்து நேராகச் சமையல் கூடத்துக்குப் போனார். மாசிலாமணி உப்புப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அடுப்பில் கவிழ்த்தார். புஸ்ஸென்று புகை கிளம்பியது.

"என்ன டாக்டர் இது, தம் போடற நேரத்துல?" என்று கரடி கேட்டது.

"வைத்தியம்" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனார்.

சாப்பாடு தாமதமாகும் என்று அறிவித்ததும் சபை முனகியது. ஆனால் எல்லாரும் விழித்துக்கொண்டிருந்தார்கள். சடாட்சரம் எல்லாவற்றையும் சொன்னார். புது ஊசி என்பது பொய், தண்ணீர்தான் மருந்து, அம்மையார் ரெண்டு வருஷமாக அதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறார், தூக்கத்தில் நாம்தான் கேட்கவில்லை என்றார். பொன்னுத்தாயியைக் குணமானவர்கள் கணக்கில் சேர்த்ததையும் சொன்னார்.

பிச்சாண்டி எழுந்தார்.

"அப்ப என் மூக்கு?"

"வளந்துடும். அதுவரைக்கும் கஞ்சி காய்ச்சக் கத்துக்குங்க."

பிச்சாண்டி கஞ்சிக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுதிக்கொண்டார்கள். பொன்னாடை மடித்தபடியே பைக்குள் திரும்பிப் போனது. அரைவேக்காட்டுப் பிரியாணியைச் சாப்பிட்டு அன்று எல்லாருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. எல்லாரும் விடாமல் தண்ணீர் குடித்துப் பிழைத்துக்கொண்டார்கள்.

நீதி: மருத்துவர்கள் உயிருள்ளவரை கற்றுக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு வருடா வருடம் யாராவது ஒருவர் அடுப்பில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.