அல்மோராசாவின் மல்லாந்த குடைப் போர்

வாழி அவெலினோ! ஒலிவக் குன்றுகள் காவல் நிற்கும் எங்கள் அல்மோராசா நகரின் அஞ்சலகத்தில் ஆயுள் முழுதும் முத்திரை குத்தித் தழும்பேறிய வலக்கரத்தோனே, வாழி! குளிர் வந்தால் குமுறி எழும் முழங்காலை அதட்டியே அடக்கும் ஆண்மையோனே, வாழி! வழுக்கையின்மேல் கம்பளித் தொப்பியும், தொப்பியின்மேல் கர்வமும் தரித்த காவலனே, வாழி! ஆயிரம் யானைகளைக் களத்தில் சாய்த்தவனுக்குப் பரணி பாடிய இத்தமிழ், ஒரு குடை மிட்டாய்க்காக உச்சிமுதல் உள்ளாடைவரை நனைந்த உன்னைப் பாடவும் இசைந்திருக்கிறது. தமிழுக்குப் பொறுமை அதிகம்.

பெண்ணுக்காக மூண்ட போர்களை உலகம் அறியும். மண்ணுக்காக மூண்டவற்றைப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்து மறந்தும்விட்டோம். இந்தப் போர் ஒரு மொச்சைக்கொட்டைக்காக மூண்டது.

குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களின் திருநாளன்று மதிய உணவு முடிந்ததும் எங்கள் ஊரின் ஒவ்வொரு மேசைக்கும் ரொஸ்கோன் என்னும் வளையரொட்டி எழுந்தருளும். சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்துண்டுகளை மரகதமும் மாணிக்கமுமாகப் பதித்துக்கொண்டு, முடிசூட்டத் தலை தேடும் மகுடம்போல் அது வீற்றிருக்கும். அதன் வயிற்றுக்குள் அடுமனைக்காரர் ஒரு சிறு பொம்மையையும் ஓர் உலர்ந்த மொச்சையையும் ஒளித்து வைப்பது வழக்கம். பொம்மை எவர் துண்டில் அகப்படுகிறதோ அவர் தலையில் காகிதக் கிரீடம் ஏறும். மொச்சை எவர் பல்லில் இடறுகிறதோ அவர் அந்த வருடத்தின் அசடு. அடுத்த திருநாள் வரும்வரை அவருக்கு அப்பன் வைத்த பெயர் கிடையாது.

நம் காவிய நாயகர் பல்லில் அந்த மொச்சை ஆண்டுதோறும், ஓர் ஆண்டுகூடத் தவறாமல், இடறிவந்தது. சந்தையில் தக்காளி பொறுக்கும்போது மொச்சையார். சவ ஊர்வலத்தில் முன்வரிசையில் நடக்கும்போதும் மொச்சையார். பாவசங்கீர்த்தனக் கூண்டில் மண்டியிட்டுக் கண்மூடிக் கைகுவித்த வேளையில், தட்டிக்கு அப்பாலிருந்து பங்குத்தந்தையின் கனிந்த குரல், "சொல்லுங்க மொச்சையாரே, என்ன பாவம்?" என்று கேட்டதே, அன்றுதான் அவெலினோவின் நெஞ்சில் சினம் என்னும் சிங்கம் பிடரி சிலிர்த்து எழுந்தது. அன்று அவர் அறிக்கையிட்ட ஒரே பாவமும் அந்தச் சினம்தான்.

மொச்சை தானாக வரவில்லை, அனுப்பப்பட்டது. அனுப்பியவன் காசிமிரோ. டயர்க்கடை வேந்தன், நெடுங்கையன், அவெலினோவின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி, ஆகவே தவிர்க்க முடியாதவன். ஆண்டுதோறும் ரொட்டியை வெட்டும் கத்தி அவன் கையிலேயே இருந்தது. வெட்டுமுன் அவன் ரொட்டியின் முதுகை விரலால் மெல்லத் தட்டித் தட்டி ஒரு சுற்று வருவான். பார்ப்பவர்க்கு அது பக்தி. வளையமாகக் கிடக்கும் ஒரு பொருளுக்குள் எங்கே ஆணி ஏறியிருக்கிறது என்று தொட்டே சொல்லும் விரல் அது என்பதும், டயருக்கும் ரொஸ்கோனுக்கும் அந்த விரல் பெரிய வேறுபாடு காண்பதில்லை என்பதும் அவெலினோவுக்கு மட்டுமே புரிந்திருந்தது.

கத்தியை அடைய ஒரே வழிதான் இருந்தது. அவெலினோவின் இல்லக்கிழத்தியும், காசிமிரோவின் தமக்கையும், இருதரப்புப் படைகளுக்கும் பொதுப் பேரரசியுமாகிய ஒப்துலியா அம்மையார், சாப்பாட்டு மேசைக் கூச்சல் தாங்காமல் என்றோ ஒரு சட்டம் இயற்றியிருந்தார். திருநாளுக்கு முந்தின மாலை ராஜாக்கள் ஊர்வலத்தில் மிட்டாய் வீசப்படும். எவர் குடையில் மிட்டாய் எடை அதிகமோ, அவர் மறுநாள் கத்தி பிடிப்பார்.

குடை என்றதும் தமிழ் கற்றோர் வெண்கொற்றக்குடையை நினைப்பர். குடிகளுக்கு நிழல் தந்து, தான் வெயில் தாங்கும் அந்தப் பெருந்தன்மையை நினைப்பர். எங்கள் ஊரில் ராஜாக்கள் வரும் மாலையில் குடி ஒவ்வொன்றும் தன் குடையை விரித்து, மல்லாத்தி, காம்பை மேலே பிடித்து, பிச்சைப் பாத்திரம்போல் வானத்துக்கு நீட்டும். அப்பனும் பாட்டனும் அப்படித்தான் நீட்டினார்கள். அன்றைக்குக் குடைக்கு வேறு வேலை எதுவும் கிடையாது.

ஊர்வலம் பாதை திரும்பும் மருந்துக்கடை முனையே களம். ஒலிவ அறுவடை டிராக்டர்கள் இழுக்கும் தேர்கள் அந்த முனையில் குலுங்கும். குலுங்கும்போது ராஜாக்கள் நிலைதடுமாறி, ஒரு பிடி எறிய வேண்டிய இடத்தில் ஒரு கூடையையே கொட்டுவர். மாலை மயங்குமுன்பே அவெலினோ வந்து இடம் பிடித்தார். தும்பைப்பூ கிடைக்காமையால் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கையில் மாமனார் விட்டுச்சென்ற கறுப்புக் குடை. அந்துப்பூச்சிகள் தலைமுறை தலைமுறையாக அதில் விருந்துண்டு, நட்சத்திரம் பூத்த வானம்போல் அதை ஆக்கியிருந்தன. வலப்புறம் காசிமிரோ வந்து நின்றான். வங்கி வாடிக்கையாளர்க்கு இலவசமாகத் தந்த புத்தம்புதுக் குடை அவனுடையது. அதை அவன் மல்லாத்தியபோது பக்கத்துக் குடைகள் மூன்று பின்வாங்கின.

"என்ன மொச்சையாரே, குடை எடுத்துட்டு வந்தீங்களா, கொசுவலை எடுத்துட்டு வந்தீங்களா?" என்று காசிமிரோ முதற்கணை தொடுத்தான்.

"காத்தோட்டமா இருக்கட்டும் மாப்ளே. நாளைக்கு நான் கத்தியப் பிடிக்கும்போது உனக்குத்தான் வேர்க்கப்போகுது."

"உங்க வீட்டு வெண்ணெய்க் கத்தியவா?"

"ரெண்டு பேரும் வாய மூடிட்டு மேல பாருங்க," என்றார் ஒப்துலியா. "போன தடவை இப்படித்தான் பேசிக்கிட்டே இருந்து, ஒருத்தர் கண்ணுல எலுமிச்சை மிட்டாய் பட்டு ராத்திரி பூரா ஒத்தடம் கொடுத்தேன்."

பேரிகைகள் முழங்கின. ஆடுகள் வந்தன. ஆடுகளுக்குப் பின்னால், அவை போட்டதை அள்ளும் நகராட்சி ஊழியர் வந்தார். மக்கள் அவருக்கும் கைதட்டினர். முதல் தேரின் விளக்குகள் தெருக்கோடியில் தெரிந்த அக்கணத்தில் மழை பிடித்துக்கொண்டது.

தூறலாகத் தொடங்கவில்லை. வருணன் தன் குடத்தை அப்படியே தெருவில் கவிழ்த்துவிட்டான். தெருவின் இருமருங்கும் நெருக்கியடித்து நின்ற குடிகள் ஒவ்வொருவர் கையிலும் குடை இருந்தது. குடை விரிந்தும் இருந்தது. ஆயினும் ஒன்றுகூட நிமிரவில்லை. கன்னத்தில் வழிந்து கழுத்துக்குள் இறங்கி முதுகெலும்பின் வழியே நடைபயின்ற நீரை மக்கள் பொருட்படுத்தவில்லை. குடையை நிமிர்த்துபவன் இரண்டாவது தேரை இழப்பான். மல்லாந்த குடைகளின் பின்னே ஒரு நகரம் அசையாமல் நின்று, விரும்பி நனைந்தது.

அப்போதுதான் அந்த அந்நியர் தோன்றினார். டென்மார்க்கிலிருந்து திருநாள் காண வந்தவர், பனைபோல் உயர்ந்தவர், நம் மொழியில் 'நன்றி' ஒன்றையே கற்றவர். மழை பெய்வதைக் கண்டார். கையில் குடை இருப்பதையும் கண்டார். இவ்விரண்டையும் எங்கள் ஊர் சரித்திரத்திலேயே முதன்முறையாக இணைத்துப் பார்த்து, அவெலினோவுக்கு நேர்முன்னே நின்று, குடையை நேராக விரித்துத் தம் தலைக்கு மேலே பிடித்தார்.

"யோவ், குடையத் திருப்புய்யா!"

"நனையக் கூடாதாம் தொரைக்கு! இவ்வளவு பேரு என்ன, குளிக்கவா வந்திருக்கோம்?"

"நன்றி, நன்றி," என்றார் டேனிஷ்காரர்.

அவெலினோ மார்பை விரித்தார், மூச்சை இழுத்தார், அஞ்சலக வரிசைகளை ஒரு சொல்லால் ஒழுங்குபடுத்திய அந்தச் சிம்மக்குரலை உயர்த்த வாயைத் திறந்தார். அதே நொடியில், ஊர் மாட்டு வைத்தியரும் அன்றைக்கு மெல்கோர் ராஜாவுமாகிய பெருந்தகை, நனைந்த பஞ்சுத்தாடி நெஞ்சில் பிசினாய் ஒட்ட, முனையில் குலுங்கி, இருகை நிறைய எறிந்தார். எறிந்தவை அந்நியரின் குடைமேல் விழுந்தன. நிமிர்ந்த குடையின் சரிவில் உருண்டன. உருண்டவை, ஓடு வேய்ந்த கூரையின் நீர் தாழ்வாரத் தொட்டியில் இறங்குவதுபோல், அப்படியே அவெலினோவின் குடைக்குள் இறங்கின.

திறந்த வாய் திறந்தபடி நின்றது. பின்பு அதிலிருந்து வேறொரு முழக்கம் பிறந்தது.

"விருந்தாளிய விடுங்கப்பா! நம்ம ஊரு தேடி வந்தவர நனைய விடலாமா? மனுஷங்கதானா நாமெல்லாம்?"

அந்த விருந்தோம்பலின் வெம்மையில் அவர் அந்நியரின் முதுகோடு மார்பாக ஒட்டிக்கொண்டார். கஸ்பர் ராஜா எறிந்தார், உருண்டு இறங்கியது. கஸ்பரின் பணியாட்கள் எறிந்தனர், அதுவும் இறங்கியது.

"மச்சான், இது ஆட்டத்துல சேராது!" என்று காசிமிரோ அலறினான். "அது வெளியூர்க் குடை!"

"குடைக்கு ஏதுடா மாப்ளே ஊரு?"

காசிமிரோ தன் குடைக்குள் பார்த்தான். அவனுக்கு வேறொரு பகை முளைத்திருந்தது. வங்கிக் குடையின் துணி ஒரு துளியையும் ஒழுகவிடாத உயர்ந்த துணி. மழையை அது வரவேற்றது, வைத்துக்கொண்டது, திருப்பித்தர மறுத்தது. மிட்டாய்கள் அதில் மீன்குஞ்சுகளாய் நீந்தின. அவெலினோவின் குடையிலோ அந்துப்பூச்சிகள் அறுத்த நூறு மதகுகள் வழியே நீர் வடிந்தது. மதகைவிடப் பருத்த மிட்டாய் தங்கியது. இறந்துபோன மாமனார் மருமகனுக்குச் செய்த நன்மை அநேகமாக இது ஒன்றுதான்.

நீரின் கனத்தில் காசிமிரோவின் நெடுங்கைகள் தாழ்ந்தன. தோள்கள் இறங்கின.

"டேய், தண்ணியக் கொட்டித் தொலைடா!" என்றார் தமக்கை.

"கொட்டினா மிட்டாயும் போயிரும்க்கா!"

"கை போயிருமே!"

"கை ரெண்டு இருக்கு!"

கடைசித் தேர் முனையில் திரும்பியது. பல்தசார் ராஜா, மிச்சத்தை வீட்டுக்குத் திரும்பச் சுமக்க மனமின்றி, மூட்டையையே தலைக்குமேல் தூக்கி உதறினார். அதில் பாதி காசிமிரோவை நோக்கிப் பறந்தது. மலையையே ஏந்திய தோள்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். அத்தோள்களும் பல்தசாரின் அந்த இறுதி எறிகையைத் தாங்கியிருக்குமா என்பது ஐயமே. வங்கிக் குடையின் கம்பி ஒன்று 'டக்' என்றது. அடுத்தது அதற்குப் பதில் சொன்னது. பின்பு, மதகுடைந்த பேரேரியென, கரைகடந்த காட்டாறென, நீரும் மிட்டாயும் கம்பியும் துணியும் வங்கியின் முத்திரையும் ஒருசேர அவன் கால்மேல் இறங்கின. ஸ்ட்ராபெரி, எலுமிச்சை, புதினா என்று மூவகைச் சேனைகளும் நடைபாதையிலிருந்து குதித்துச் சாக்கடைக்குள் சரணடைந்தன.

ஒப்துலியா அம்மையாரின் சமையலறைத் தராசு அன்று மாலையே தீர்ப்புச் சொன்னது. முனையை விட்டு அகலுமுன் அந்நியருக்கு அவெலினோ ஒரு பிடி மிட்டாய் அளித்தார். அல்மோராசா முழுவதிலும் உலர்ந்திருந்த அந்த ஒரே மனிதர், 'நன்றி' என்று சொல்லி, நீர் சொட்டும் வள்ளலை இரக்கத்தோடு பார்த்துப் போனார்.

மறுநாள் நண்பகல். ஆட்டுக்கறித் தட்டுகள் அகற்றப்பட்டன, வளையரொட்டி எழுந்தருளியது. அவெலினோ எழுந்தார். கத்தியைக் கையிலேந்தி, மூன்று முறை தும்மி, பிரகடனம் செய்தார்: "இந்த வருஷம் நியாயமா வெட்டுவேன். எல்லாருக்கும் தெரியட்டும்." அங்ஙனம் கூறி, தம் விரலுக்கு ஆணி கண்டுபிடிக்கும் ஞானம் இல்லாமையால், வேறொரு போர்முறையை வகுத்தார். காசிமிரோவுக்கு ரொட்டியில் ஏறத்தாழக் கால்பங்கை வெட்டி வைத்தார். மற்றவர்க்கு முறைப்படி வைத்தார். தமக்கு, நற்கருணை அப்பத்தைவிடச் சற்றே தடித்ததாக, ஒளி ஊடுருவும் ஒரு சீவலை எடுத்துக்கொண்டார். அதை ஒரே விழுங்கில் முடித்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார்.

மேசை மென்றது. கண்ணிவெடி புதைந்த நிலத்தில் நடப்போரைப்போல் ஒவ்வொரு பல்லும் அடியெடுத்து வைத்தது. காசிமிரோவின் மகள் பொம்மையைக் கண்டெடுத்தாள், கிரீடம் ஏறியது, கைதட்டல் எழுந்து அடங்கியது. காசிமிரோ வியர்வை துளிர்க்கக் கால்பங்கையும் தின்று தீர்த்தான். தட்டுகள் காலியாயின. மொச்சை எங்கும் இல்லை.

எல்லாக் கண்களும் மெல்லத் திரும்பின.

"மச்சான்," என்றான் காசிமிரோ, "வாயத் தொறங்க."

திறந்தார்.

"இல்ல! உள்ள போயிருச்சு! முழுங்கிட்டாரு!"

"சத்தியமா இல்லடா! மெல்கோர் ராஜா மேல சத்தியம்!"

"மெல்கோர் நம்ம மாட்டு டாக்டர் மச்சான்."

"கிடைச்சா கிடைச்சுதுன்னு சொல்லிட்டுப் போகவேண்டியதுதானேங்க," என்றார் ஒப்துலியா, குரலைத் தாழ்த்தி. கூச்சலைவிட அது கொடிதாக இருந்தது. "அதுக்காக முழுங்குவாங்களா?"

மொச்சையார் என்ற பட்டம் அன்றோடு ஒழிந்தது. மொச்சை முழுங்கி என்ற புதிய விருது மாலைக்குள் ஊரெங்கும் பரவி, மறுநாள் காலை மருந்துக்கடைக்காரர் வாயால் உறுதிசெய்யப்பட்டது. தேவதைகள் கண்டன, வானம் கண்டது, யாவும் அறிந்த இந்தக் கதைசொல்லியும் கண்டான். சாட்சி சொல்ல எங்கள் மூவரையும் யாரும் அழைக்கவில்லை.

அடுமனையில் அன்றைக்கு மொச்சை தீர்ந்துபோயிருந்தது.