அரணைக் குடும்பமும் என் அறையும்

அன்று காலை முடிவெடுத்துவிட்டேன். இந்த வீட்டில் ஒன்று அரணைகள் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும். இதை மனைவியிடம் சொல்லவில்லை. யாரை இருக்கச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

மைத்துனன் வளர்த்த அரணைகள் அவை. முழ நீளத்தில் அப்பா, அம்மா, கூடவே ஒரு குட்டி. அவன் சிறிய வீடொன்றுக்குக் குடிபோனபோது கண்ணாடித் தொட்டியோடு கொண்டுவந்து என் அறையில் இறக்கிவிட்டான். நான் வீட்டிலிருந்தே அச்சுப்பிழை திருத்துகிறவன். தொட்டிக்கு மேலே நாளெல்லாம் சூட்டு விளக்கு எரியும். தீனிக்கு வைத்த சுவர்க்கோழிப் பூச்சிகள் டப்பாவுக்குள் கச்சேரி நடத்தும். தாளில் நான் திருத்தியதைவிட என் வியர்வை அழித்ததுதான் அதிகம்.

குட்டியையாவது யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். பெற்றவர்களோடு வளர்கிற குட்டியைப் பிரித்தால் மூலையில் முடங்கிவிடும், மற்ற அரணைகளோடு பழகவே தெரியாமல் போய்விடும் என்று அவள் ஒரு பிரசங்கமே செய்தாள். அந்தப் பிரசங்கத்தையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

"குட்டி சரியாவே சாப்பிடல. உன் தம்பியைத் தேடுது."

"அரணைக்கு எல்லாமே மறந்துடும்னு சொல்வாங்களே?"

"அது யாரோ கட்டிவிட்ட கதை. பொறந்ததுலேர்ந்து அவன் கையில வளந்தது. அவனும் அந்தக் குடும்பத்துல ஒரு ஆள்தானே? பிரிச்சு வைக்கறது பாவம்."

அவள் கண் கலங்கிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குள் இவ்வளவு ஈரம் இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லையாம். உடனே தம்பிக்குப் போன் போட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேசையை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டு, காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வண்டி வந்தது. தொட்டியைத் தூக்கிவிட ஓடினேன். மைத்துனன் கட்டிலை இறக்கிக்கொண்டிருந்தான்.

"அவன் வீட்டுல தொட்டி வைக்க ஏதுங்க இடம்? அதான் அவனையே இங்க வந்து இருக்கச் சொல்லிட்டேன்," என்றாள் மனைவி. "எத்தனையோ தடவை கூப்பிட்டேன். மாமா என்ன சொல்வாரோன்னு தயங்கிட்டே இருந்தான். நீங்களே சொன்னீங்கன்னதும் கெளம்பிட்டான்."

என் மேசை கூடத்துக்கு வந்து, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றது. நான் விடுகிற ஆளா? அகராதி வேண்டும் என்ற சாக்கில் போய் அறைக் கதவைப் பலமாகத் தட்டினேன். கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

"மெதுவா, மாமா. புது ஆளைப் பாத்தா குட்டி மிரளுது."